மேலேறாத புகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டால் உனக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அது பொய். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருங்கள்.

டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்ன கையோடு போன் செய்தாய், அக்கறைக்கு நன்றி. அந்தத் தாழ்வு மழையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது, மாடி ஜன்னலில் ஒரு கொக்கி உடைந்தது, அவ்வளவுதான். அம்மா அந்த நாட்களில் நன்றாக மூச்சு விட்டாள், நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள். வானிலை அலுவலகத்தில் காலம் தள்ளுகிற எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தாழ்வு என்றால் காற்று மேலே ஏறும், தரையில் கிடக்கும் அழுக்கையும் அள்ளிக்கொண்டு போகும், மேகமாகும், மழையாகும். உயர் அழுத்தம் வந்தால் காற்று மேலிருந்து இறங்கி, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி ஊர்மேல் உட்கார்ந்துகொள்ளும். வானம் நீலமாக இருக்கும், இலை அசையாது, எல்லோரும் நல்ல நாள் என்பார்கள். கீழே எது எரிந்தாலும் அந்தப் புகை நம் ஜன்னலை விட்டு நகராது. இதை யார் கேட்கிறார்கள்? எனக்குப் பின்னால் சேர்ந்தவன் புயலுக்குப் புயல் கேமரா முன்னால் கையை ஆட்டியே மேலதிகாரி ஆகிவிட்டான். அதை விடு.

கீழே எரிப்பது உன் சித்தப்பாதான். பழைய டயரைச் சீவிப் புது ரப்பர் ஒட்டும்போது மிஞ்சுகிற துண்டையும் தூளையும் கொல்லையில் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்துகிறான். வீட்டைப் பிரித்தபோது கொல்லையும் கீழ்ப்பகுதியும் அவனுக்கு, படியேறி இளைக்கிற மாடி எனக்கு என்று என் அப்பா தீர்த்ததை நான் மறக்கவில்லை. போன மாதம் நானே இறங்கிப் போய் அழுத்தத்தைப் பற்றி விளக்கி, அது மோசமாக இருக்கும் நாளில் கொளுத்தாதே என்றேன். தலையாட்டிக் கேட்டான். கேட்டு என்ன செய்தான் தெரியுமா, தாழ்வு இருந்தவரை டிரம்மைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான், வானம் வெளுத்ததும் சேர்ந்ததையெல்லாம் மொத்தமாகக் கொளுத்தினான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து கேட்டால், “என்னண்ணே, அழுத்தம் மோசமா இருந்தப்ப நிறுத்தினேன்ல? இப்பத்தான் பளிச்சுனு வெயில் அடிக்குதே! இதுக்கும் கூடாதுன்னா, என்னைப் பிடிக்கலைன்னு நேராவே சொல்லிட்டுப் போ” என்கிறான். உன் சித்தி உள்ளேயிருந்து, “அவருக்கு வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது, நம்மளும் ஆகாது” என்று எடுத்துக்கொடுக்கிறாள்.

அவன் சொன்னதில் ஒன்று உண்மை, எனக்கு அவனைப் பிடிக்காது. அதனால் நான் என்ன சொன்னாலும் அவனுக்கு அது வானிலையாகக் கேட்பதில்லை, வம்பாகத்தான் கேட்கிறது. பனிக்காலம் வருகிறது, இனி உயர் அழுத்தம் வந்தால் வாரக்கணக்கில் நிற்கும். இன்னொரு தடவை இப்படி ஆனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அம்மாவுக்கு அது தெரியாது. நீ சொன்னால் சித்தப்பா கேட்பான். எங்கள் சண்டையில் நீ எப்போதும் அவன் பக்கம்தான், அந்த உரிமையை இப்போது பயன்படுத்து. எரிப்பதை அடியோடு நிறுத்தச் சொல், நல்ல நாள் கெட்ட நாள் கணக்கெல்லாம் அவனுக்கு வேண்டாம். இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

இருவரும் நீடூழி வாழ ஆசிகள். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. இது கிடைத்த அன்றே சித்தப்பாவிடம் பேசு. நான் சொல்லிப் பேசுவதாகச் சொல்லாதே. சொன்னால்தான் கேட்பான் என்றால், அண்ணன் கெஞ்சிக் கேட்டான் என்றே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா