சின்ன ஜோடியா, பெரிய ஜோடியா

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு ஜோடி ஸ்பீக்கரும் வந்து இறங்கிவிட்டன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம். கடைக்காரர் கேட்டார்: "சார், இதெல்லாம் ஸ்டுடியோக்காரங்க பாட்டுல தப்பு கண்டுபிடிக்க வைக்கிறது. வீட்டுல நிம்மதியா பாட்டு கேக்க இது எதுக்கு?" அச்சுப்பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது!

ஞாயிற்றுக்கிழமை மனைவி வருகிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வேலை அந்த ஊரில், என் வேலை இந்த ஊரில். இப்போது அவளுக்கு இங்கே மாற்றல் கிடைக்குமாம். "வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறாள். வீட்டைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?

மார்ச் 4, புதன்

சின்ன ஜோடியில் பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. ஆனால் தலையை ஒரு சாண் நகர்த்தினால் எல்லாம் கலைந்துவிடுகிறது. பெரிய ஜோடியில் அந்தத் துல்லியம் இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி. இதில்கூட முடிவெடுக்கத் தெரியாதவனை நம்பி ஒருத்தி ஊரை மாற்றிக்கொண்டு வரலாமா?

மார்ச் 6, வெள்ளி

சின்னதுதான். முடிவு.

இல்லை — பெரியது.

மார்ச் 7, சனி

சின்னதேதான். சோபா வழியை மறைத்தது, படுக்கையறைக்குத் தள்ளிவிட்டேன். நூல் பிடித்து அளந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நாற்காலியைப் போட்டு, அதன் காலைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினேன். நாளைக்கு அவளை அதில் உட்காரவைத்து அசத்திவிட வேண்டும். பிடிக்காமல் போய்விட்டால்?

மார்ச் 8, ஞாயிறு

அரைப் பாட்டு கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் நின்னுக்கிறேன்."

"நான் இங்கயே வந்துட்டா, தினமும் நிப்பீங்களா?"

"முறை வச்சுக்கலாம்" என்றேன், பாவி. சிரித்துவிட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். எழுந்தவள் நாற்காலியை இழுத்ததும், "ஐயோ, டேப்பு!" என்று கத்திவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. சாயங்கால வண்டிக்குக் கிளம்பும்போது, "மாற்றல் பத்தி யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

போச்சு. எல்லாம் போச்சு. இந்த வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 10, செவ்வாய்

சமையலறை வாசலில் நின்று கேட்டுப் பார்த்தேன். சின்ன ஜோடி அங்கே வெறும் இரைச்சல். பெரியதில் பாட்டு பாட்டாகவே வந்தது. சின்னதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

"காதுக்குப் பிடிக்கலையா சார்?"

"காதுக்குப் பிடிச்சுது. வீட்டுக்குத்தான் ஒத்து வரலை."

சோபாவை ஹாலுக்கு இழுத்து வந்தேன். டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அவளிடமிருந்து போன் இல்லை. நானே கூப்பிட்டால் நச்சரிப்பதாக நினைப்பாளோ?

மார்ச் 12, வியாழன்

போன் இல்லை.

மார்ச் 14, சனி

அவளே போன் பண்ணினாள். எடுத்ததும், "ஹால் ஜன்னல் கிட்ட இப்ப என்ன இருக்கு?" என்றாள்.

"வலது பக்கத்து ஸ்பீக்கர். ஏன்?"

"என் தையல் மிஷினுக்கு வெளிச்சம் வேணும். ஓடினா கடகடன்னு சத்தம் போடும், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் பாட்டு கேக்கலைன்னு புலம்பக் கூடாது."

"ஓடட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்பீக்கரை அலமாரி மேல் தூக்கி வைத்தேன். ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில், பார்க்கவே கோணலாக இருக்கிறது. ஜன்னலோரத்தைப் பெருக்கிவிட்டேன்.