வாயில்லாத முகங்கள்

ஜூன் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையில் போய் நிற்கிறது, அதனால் எழுதுகிறேன். நாம் எட்டு மாதமாகப் பிரிந்திருப்பதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. தைரியமாகப் படியுங்கள்.

பாப்பா பேசுவதே இல்லை. "சாப்டியா?" என்றால் "ம்". "ஸ்கூல் எப்படி?" என்றாலும் "ம்". பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். நேற்று வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பி அவள் நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக முகங்கள். ஒன்றுக்கும் வாயில்லை. ஒரு பக்கத்தில் பெரிய சாப்பாட்டு மேசை, அதன் முன்னால் பொத்தான் அளவில் ஒரு பெண். "டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா" என்றார். அங்கிருந்தே மனநல டாக்டருக்குப் போன் செய்தேன். பதினெட்டாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஏதோ ஜப்பான் படக்கதையைப் பார்த்து வரைகிறாளாம். மங்கா என்கிறாள். புரட்டினேன். கோழி கிளறிய மாதிரி கோடுகள். புத்தகத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதை வீட்டைவிட்டே அப்புறப்படுத்திவிடட்டுமா?

பாப்பாவின் அம்மா

ஜூன் 9

அன்புள்ள உனக்கு,

கடிதம் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் பதற்றத்தோடு கயிற்றில் கை வைக்கக் கூடாது. நேராகப் புத்தகக் கடைக்குப் போய் முதல் பாகத்தை வாங்கினேன்.

அதை அப்புறப்படுத்திவிடாதே. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, எளிய ஆங்கிலம். பாதி படித்த பிறகுதான் தெரிந்தது, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம். நான் படித்ததில் கதாநாயகி கோபித்துக்கொண்டு போனாள், அப்புறம் சண்டை வந்தது. நம் வீட்டில்கூட அந்த வரிசை மாறியதில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற ஒரு பெண், அவளுடைய நாட்கள், அவ்வளவுதான். ஆனால் வரைகிற மனிதர் ஒரு காரியம் செய்கிறார். நாற்காலி, குழாய், தரை ஓடு எல்லாம் அளவெடுத்து வரைந்தவை. மனிதர்கள் மட்டும் இடது கையால் கிறுக்கியதுபோல். அவளுக்கென்று ஒரே முகம் கிடையாது. யார் முன்னால் இருக்கிறாளோ, அங்கே தன்னை எப்படி உணர்கிறாளோ, அதுவே அந்தப் பக்கத்தில் அவள் முகம். அதட்டும் டாக்டர் முன்னால் வெறும் காது. அம்மா முன்னால் ஒரு பொத்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பூக்கடைக்காரி, "இன்னிக்கு முடி நல்லாருக்கே" என்கிறாள். உடனே ஒரு முழு முகம், மூக்கில் மச்சத்தோடு! நாற்பத்தேழு வயதில் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதேன். கூடத் தங்கியிருக்கிறவன் பல் வலியா என்று கேட்டான்.

இது வியாதி இல்லை என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிடு. அந்தச் சாப்பாட்டு மேசை யாருடையது என்பதுதான் என்னைக் குடைகிறது.

பாப்பாவின் அப்பா

ஜூன் 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று டாக்டர் அவளோடு தனியாக அரைமணி நேரம் பேசினார். "பயப்பட ஒண்ணுமில்ல. பேசறதுக்கு இடம் குடுங்க" என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நானும் அந்தப் படக்கதையைப் படித்துவிட்டேன், வேலை பார்க்கிற மருந்து ஸ்டோரில், மதிய இடைவேளையில், குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. டாக்டரிடமிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பாவிடம், "அந்தப் பூக்கடைக்காரி வர்ற பக்கம் எனக்குப் பிடிச்சுது" என்றேன்.

"நீ படிச்சியா? எந்தப் பக்கத்திலேர்ந்து?"

"நான் ஒழுங்காத்தான் படிச்சேன். உங்கப்பாதான் கடைசியிலேர்ந்து ஆரம்பிச்சாராம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதங்கள் ஆயிற்று. அந்தத் தைரியத்தில், "நோட்டுல இருக்கறது நம்ம டேபிளா?" என்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

"நான் எது சொன்னாலும் நீ அத வச்சு அப்பாகிட்ட சண்ட போடுற. அப்பாவும் அப்படித்தான். நான் இருமினாக்கூட, யாரால இருமினேன்னு சண்ட. அதான் பேசறதில்ல."

இருமல் விஷயம் உண்மைதானே. மழையில் கூட்டிப்போனது நீங்கள், மருந்து கொடுக்க மறந்தது நான். ஒரு வாரம் அதையே பேசினோம். அவளுக்கு இருமல் நின்றதா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

பாப்பாவின் அம்மா

ஜூன் 24

அன்புள்ள உனக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுருக்கமாகவே சொல்கிறேன். நமக்குள் என்ன முடிவானாலும் ஆகட்டும். அவள் என்னிடம் சொல்வது இனி உன்னிடம் வராது. உன்னிடம் சொல்வதும் எனக்கு வேண்டாம். அவளைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? அவளைக் கேட்டு எழுது.

பாப்பாவின் அப்பா

ஜூலை 1

பாப்பாவின் அப்பாவுக்கு,

கேட்டேன். வரச் சொன்னாள். கடிதம் உங்கள் கைக்கு வர இரண்டு நாளாகும், இந்த ஞாயிறே வந்துவிடுங்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது முக்கால் மணி நேரம் என்னைத் திட்டித் தீர்த்தாள். கதவைத் தட்டாமல் அறைக்குள் வருகிறேனாம். போனில் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறேனாம். அவள் தோழி பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லையாம். எல்லாவற்றையும் கேட்டபடி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். காது குளிர்ந்து போயிற்று.

உங்களைப் பற்றியும் இரண்டு விஷயம் சொன்னாள். அதை எழுத மாட்டேன்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா