எல்லாவற்றுக்கும் பூஜ்யம்

அன்புள்ள அம்மா,

இதில் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப்போகிறேன்.

இந்த இரண்டு வாரத்தில் பதினொரு நாள், வேலையிலிருந்து வந்தும் நீ வீட்டுக்குள் வராமல், கார் விளக்கைக்கூட அணைக்காமல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாய். "விடுடி, நாள் முழுக்க சிப்பாய்ங்க அழுகையைக் கேட்டுட்டு வர்றா" என்றார் அப்பா.

நீ வேலை பார்க்கும் ராணுவ முகாமின் மனநலப் பிரிவில் சிப்பாய்கள் நிரப்பும் கேள்வித்தாளைப் பற்றி நீதான் சொல்வாய். தூக்கமில்லையா, சோர்வா, போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டால், ரெக்கார்டில் ஏறிவிடும் என்று பயந்து எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவார்களாம். "முட்டிவலிக்குத்தான் வந்தேன் சார்ஜன்ட், மண்டை பத்திரமா இருக்கு" என்பானாம் உன்னிடம், ஹாலோவே என்ற சிப்பாய். "முழுப் பூஜ்யம் போடுறவனைத்தான்டி நான் முதல்ல உட்கார வச்சுப் பேசுவேன்" என்றாய்.

இன்னும் நான்கு வருடம் ராணுவத்தில் இருக்க நீ கையெழுத்திட வேண்டிய காகிதங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தன. கூடவே, உனக்காக நீ நிரப்பிய அதே கேள்வித்தாள். ஒன்பது கேள்விக்கும் பூஜ்யம்.

கையெழுத்துப் போடாதே என்று சொல்லமாட்டேன். உனக்கு அந்த வேலை பிடிக்கும். ஆனால் 'சோர்வு' என்ற வரியில் பென்சிலால் பதினொன்று என்று எழுதியிருக்கிறேன். தப்பென்றால் நீயே அழித்துவிடு.

இப்போதும் நீ வாசலில் காருக்குள்தான் இருக்கிறாய். பன்னிரண்டு என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

உன் மகள்

பி.கு. கார் விளக்கை அணைத்துவிட்டாய்.