ஒரே நேரத்தில் ஒருவர்

மார்ச் 4, செவ்வாய்

மின்நூல் விற்பனையாளரின் மாதப் பட்டியல் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள். டீயைக் குடித்துக்கொண்டே கடகடவென்று பார்த்து வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 'இரவுப் பணியும் செவிலியர் உறக்கமும்.' எழுதியவர் — அக்கா.

ஐந்து வருடமாக அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், சிஸ்டம் தொங்கிடுச்சா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

மார்ச் 5

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில், இன்னும் வாங்காத மின்நூல்களும் தேடினால் கிடைக்கும். யாராவது பத்து நிமிடத்துக்கு மேல் படித்தால் அது தானாகவே வாங்கியதாகிவிடும். என் சொந்த ஆசைக்காக நூலகத்தின் தலையில் ஒரு புத்தகத்தைக் கட்டலாமா?

ஒன்பது நிமிடம் படித்தேன். மூடிவிட்டேன். முன்னுரையில் அவள் குரல் அப்படியே இருக்கிறது. சுற்றி வளைக்கவே தெரியாது அவளுக்கு.

மார்ச் 6

ஒன்பது நிமிடம்.

மார்ச் 11

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா வேறோர் ஊரில், வேறோர் ஆஸ்பத்திரியில், இந்தப் புத்தகத்துக்காக நர்சுகளின் தூக்கத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே வைத்துக் கேட்டேன்: "ஊர்ல இருக்கறவங்க தூக்கத்தை எல்லாம் எண்ணத் தெரிஞ்சுது. பெத்தவ கண்ணை மூடப்போறது தெரியலையா?"

மறுநாளே கிளம்பிவிட்டாள். நேராக வேலைக்குத்தான் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

நல்ல சேதி எது வந்தாலும் முதலில் அவளுக்குச் சொல்லத்தான் கை போகுது. இப்பவும். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 18

செவிலியர் துறை விரிவுரையாளர் இந்தப் புத்தகத்தைத் தன் பாடத்துக்குக் கேட்டுவிட்டார். வாங்கியாயிற்று. ஆனால் பதிப்பகம் கொடுத்தது ஒரே ஓர் உரிமம் — ஒரே நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். மின்நூல் தேயவா போகிறது? மாணவிகள் அறுபத்திரண்டு பேர்.

மார்ச் 20

மதிய இடைவேளையில் திறந்தேன். இனி நிமிடம் எண்ண வேண்டாமே. நான்காம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை. அதன் அடியில் பொடி எழுத்தில்: 'பதினான்கு நாட்களுக்குப் பதிவு இல்லை. ஆய்வாளர் பணியில் இல்லை.'

தேதிகளைப் பார்த்தேன். அம்மா போன நாளில் தொடங்குகின்றன.

பயணத்தோட சேர்த்து இங்கே வந்து போனது மூணு நாள். மீதிப் பதினோரு நாள்? அப்போ நீ வேலைக்குப் போகலையா? எங்க இருந்தே அக்கா? யார்கூட இருந்தே?

எவ்வளவு நேரம் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனோ. விரிவுரையாளர் போனில் பொரிந்து தள்ளினார்: "எப்பத் திறந்தாலும் 'வேறொருவர் படிக்கிறார்'னே வருதாம். யாரோ புடிச்சு வெச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாங்க!" நான்தான் அந்த 'யாரோ'. புத்தகத்தை மூடினேன்.

மார்ச் 24

பதிப்பகம் கையை விரித்துவிட்டது. கூடுதல் உரிமம் கிடையாதாம். தலைமை நூலகர், "எழுதினவங்க சொன்னா கேப்பாங்க. நீங்களே ஒரு மெயில் போடுங்களேன்" என்றார். அவருக்கு எங்கள் உறவு தெரியாது.

காலை முழுக்க எழுதுவதும் அழிப்பதும். கடைசியில் 'மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு' என்று தொடங்கி, நூலகத்தின் கோரிக்கையை மட்டும் எழுதினேன். கீழே என் பெயர், பதவி. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 25

பதில் இல்லை.

மார்ச் 26

இல்லை. அஞ்சு வருஷம் ஓட்டினவளுக்கு ரெண்டு நாள் ஓடமாட்டேங்குது.

மார்ச் 28

வந்துவிட்டது. "பதிப்பகத்துல பேசிட்டேன். இந்தப் பருவம் முடியற வரைக்கும் எத்தனை பேர் வேணா ஒரே நேரத்துல படிக்கலாம். பிள்ளைங்ககிட்ட சொல்லிடு. 'மதிப்பிற்குரிய'ன்னு எழுத உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போன் போட்டேன். எடுத்தாள்.

"அட்டவணையைப் பார்த்தேன்க்கா. அந்தப் பதினோரு நாள்..."

"ரூம்லயே கெடந்தேன். எழுந்திருக்க முடியல."

"நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நான் முன்னாடியே வந்திருக்கணும்." அப்புறம் சட்டென்று, "உன் முதுகுவலி எப்படி இருக்கு?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என்ன சொன்னேன் என்றே நினைவில்லை.

ஏப்ரல் 12, சனி

காலை ஏழரை. விடியற்காலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேர்ந்த அக்கா குளித்துக்கொண்டிருக்கிறாள். கதவைத் தட்டி, "வெந்நீர் போதுமா?" என்று கேட்டேன்.

"போதும்டி. மூணாவது தடவை கேக்கறே."