உலோங்கா வாளில் அழிந்த ஐந்து அரசர்கள்

கொடி தாழாத நீர்க்குன்றத்து அரசருக்கு ஆயுள் பெருகுக. அவர் துறையில் கரையேறும் கலங்களுக்குக் காற்று துணையாகுக. துறைமுகத் தலைவர் செழியதரையர் காண, அரண்மனைப் படைக்கலக் காவலர் இருங்கோ விடைக்காடர் எழுதுவித்த ஓலை.

நேற்றுக் காலை கொலுமண்டபத்தில் அந்த வாள் உறையிலிருந்து எடுக்கப்பட்டபோது இருந்தவர்கள்: அரசர், பட்டத்தரசி, ஆப்பிரிக்கப் பெருநிலத்து உலோங்கா நாட்டுத் தூதர் முவாண்டே, அவருடைய மொழிபெயர்ப்பாளர், தாங்கள், விடைக்காடர், அவர் தம்பி பெருநற்கோடர், சாணைக்காரன் பொத்தன். வேறு ஒருவரும் இல்லை.

உடன்படிக்கை நாள் வரை காவலில் வைக்கும்படி தூதர் அந்த வாளைத் தந்து ஒரு திங்களாகிறது. பிறை போல் வளைந்து, பக்கத்தில் சிறு அலகு ஒன்று கிளைத்து, பிடியில் செப்புக் கம்பி சுற்றியது. வந்த அன்றே தாங்கள் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, இவர்கள் ஊரில் இதைக் கொண்டு கீரையாவது நறுக்க முடியுமோ என்று நகைத்தீர்கள். அவை சிரித்தது. விடைக்காடர் சிரிக்கவில்லை. ஒன்பது தலைமுறையாக அவர் குடியின் காவலில் மழுங்கிய இரும்பு ஒன்றும் இருந்ததில்லை. அந்த நகைப்பு அவர் முகத்தில் அறைந்தது போல் விழுந்தது.

நேற்று இரு நாட்டாரும் வாளின்மேல் கைவைத்து உறுதி சொல்ல வேண்டிய வேளையில், அது கூர்மையாய் மின்னிக்கொண்டு வெளியே வந்தது. தூதர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெறுந்தரையில் அமர்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் கூறியதன் பொருள் இது: உலோங்காவில் அரசர் ஒருவர் மறைந்தால், அவர் ஆட்சியின் குறியைக் கொல்லர் அந்த விளிம்பில் சிறு வெட்டாகப் பதிப்பார், வெட்டுகளை விரலால் தடவியபடியே அவர்கள் தம் முன்னோர் வரலாற்றைச் சொல்வார்கள். முந்நூறு ஆண்டுகளாகச் சாணை காணாத விளிம்பு அது. பதினான்கு அரசருள் ஐவர் இப்போது அங்கே இல்லை.

தூதர் சினந்திருந்தால் தாங்கியிருக்கலாம். எங்கள் மூத்தோர் உங்களுக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்று மட்டும் கேட்டார். தீட்டிய கைக்குரியவர் உலோங்கா அரசர் முன் வந்து நின்று விடை சொல்ல வேண்டும் என்றார். நம் அரசரும் இசைந்தார். எல்லாக் கண்களும் பொத்தன்மேல் திரும்பின. அவன் தலை குனிந்து நின்றான்; அவனை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. தாங்கள் அவனை விலங்கிட்டுத் துறைச் சிறையில் வைத்தீர்கள். நாளை உலோங்காவுக்குக் கலம் புறப்படுகிறது.

பெருநற்கோடர் தம் அண்ணனிடம், சாணைக்காரன் வீட்டாருக்கு ஒரு வயலைக் கொடுத்துவிட்டால் அவர்களும் பிழைப்பார்கள், நம் குடிப்பெயரும் பிழைக்கும் என்றார். அதைக் கேட்ட விடைக்காடர் தம் முன்னோர் ஒன்பதின்மர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். நான்காம் பெயருக்கு மேல் நா எழவில்லை.

ஆகவே இவ்வோலை கண்டதும் பொத்தனின் விலங்கைக் கழற்றுக. அவனை அவன் வீட்டு வாசல் வரை தாங்களே அழைத்துச் செல்க. கலத்தில் விடைக்காடருக்கு ஓர் இடம் ஒழித்து வைக்கச் சொல்க. அரசருக்குத் தனி ஓலை சென்றுவிட்டது. கீழே இட்டிருப்பது படைக்கலக் காவலர் முத்திரை. அவர் கையால் இடப்படும் கடைசி முத்திரையும் இதுவே.

பொத்தன் அறியாமல் தீட்டிவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். விளிம்பில் ஏதோ வேலைப்பாடு தெரிகிறது, தொட வேண்டாம் ஐயா என்று அவன் கைகூப்பினான். அவனை விலக்கிவிட்டு, வாளைச் சாணையில் வைத்தவர் விடைக்காடர்.