விஜயதசமிக்கு அடைத்த குண்டுகள்

14 ஓகஸ்ட் 1996, புதன்

கைத்துப்பாக்கி லைசென்ஸ் விஷயமாக இன்றைக்குப் பொலிஸ்காரர் வந்து போனார். நாங்கள் குடியேறிய இந்த மவுண்ட் ரோஸ்கில் முழுக்கப் பார்த்திருக்கும், இந்த யோகராணி வீட்டு வாசலில் பொலிஸ் கார். கராஜில் தரையோடு பூட்டியிருக்கும் இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இவரோடு தனியாகக் கதைத்தார். மனைவி துப்பாக்கி வைத்திருப்பதில் புருஷனுக்கு ஏதும் பயம் இருக்கிறதா என்று கேட்பார்களாம்.

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"பிரச்சினையில்லை எண்டு."

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இவர், வங்கி மனேச்சர் குணரத்தினம், வாய் திறந்தால் மூட மாட்டார் என்று பெயர். இங்கே ஒரு வங்கியும் வேலைக்கு எடுக்கவில்லை. முதலில் விண்ணப்பம் எழுதுவதை விட்டார், பிறகு சவரம் செய்வதை. இந்த வருஷம் கதைப்பதையும் விட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது சந்தோஷப்பட்டிருப்பேன்.

7 செப்டம்பர், சனி

லைசென்ஸ் வந்துவிட்டது. கோயிலில் சாந்தகுமாரி சிரித்துச் சிரித்துக் கேட்கிறாள்: "என்னக்கா, இந்த வயசில இயக்கத்துக்கே போறியள்?" விசரி. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவள்தான் நானும்.

ஏன் சுடப் போகிறேன் என்று எனக்கே ஒருநாள் எழுதிவைக்க வேண்டும். போன வருஷம் வேர்ஹவுஸில் என்னோடு பெட்டி அடுக்கும் மாஜரி, சும்மா வந்து பார் என்று தன் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனாள். காதுக்கு மூடி தந்தார்கள். போட்டதும் உலகம் நின்றது. சூப்பர்வைசர் இல்லை, ரெலிபோன் இல்லை, "அம்மா, வேர் இஸ் மை யூனிபோர்ம்" இல்லை. எதிரே குறிபார்க்க ஒரு கடதாசி மட்டும். அந்த மூடிக்காகத்தான் போகிறேன், துப்பாக்கிக்காக அல்ல. இதை யாரிடம் சொல்வது?

கடைக் குண்டு எங்களுக்குக் கட்டாது. சுட்ட குண்டுகளின் வெறும் கோதுகளைப் பொறுக்கி நீயே திரும்ப அடைத்துக்கொள் என்று மாஜரி குண்டு அடைக்கிற தன் பழைய பிரஸ்ஸையும் தராசையும் இரவல் தந்திருக்கிறாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

கோது கழுவினேன். புளி போட்டு விளக்கலாமோ என்று கேட்டேன், மாஜரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

5 ஒக்ரோபர், சனி

மாஜரி கராஜில் ஒவ்வொரு படியாகக் காட்டினாள். பிரஸ்ஸின் பிடியை இழுத்துக் கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் நெருப்புப் பற்றவைக்கிற புது பிரைமர். பிறகு புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே பாய்ந்து போகிற ஈயச் சன்னத்தை வைத்து அழுத்த வேண்டும். மருந்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. குறைந்தால் சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கிவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். தராசு என்றால் தராசா அது! தூசு விழுந்தாலும் முள் அசைகிறது.

இவர் கராஜ் கதவடியில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

20 ஒக்ரோபர், ஞாயிறு

சரஸ்வதி பூசை. மகள் பிரணவியின் புத்தகங்களை அடுக்கி, அவல் கடலை வைத்து, ஏதோ என்னால் முடிந்தது. நாளைக்கு விஜயதசமி, முதல் குண்டை நாளைக்கே அடைப்போம் என்று தராசின் முள்ளைப் பூச்சியத்தில் நிற்பாட்டி எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துவிட்டு வந்தேன்.

21 ஒக்ரோபர், திங்கள்

வேலையால் வந்து கராஜ் லைட்டைப் போட்டால், பிரஸ்ஸுக்குச் சந்தனமும் குங்குமமும்! கோதுப் பெட்டிக்கு ஒன்று. தராசுத் தட்டின் கரையிலும் ஒன்று, அழகாக, வட்டமாக. ஒரு செவ்வரத்தம்பூ வேறு.

இவர்தான். வேறு யார்? இந்த வருஷம் முழுக்க எனக்காக எதையும் தொடாத மனுஷன், என் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார். அங்கேயே நின்று அழுதேன்.

ஐம்பது குண்டு அடைத்தேன். பொட்டு ஒன்றையும் அழிக்கவில்லை, மனம் வரவில்லை.

26 ஒக்ரோபர், சனி

இன்றைக்குக் கிளப்பில் அந்தக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தேன்.

முதல் நாலும் சத்தம் குறைவாகத்தான் கேட்டன. புதுசுதானே என்று நினைத்தேன். ஐந்தாவது "டப்" என்றது. கடதாசியில் துளை இல்லை. நான் அடுத்ததற்கு விரலை வைக்க, மாஜரி கத்திக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். குழலுக்குள் சன்னம். தடி விட்டுத் தட்டி எடுத்தார்கள். இன்னொரு தரம் அமத்தியிருந்தால் — என்ர முகம், கண், கை. பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?

என்ன பிழை விட்டேன்? புத்தகத்தைப் பார்த்துத்தானே செய்தேன்?

வீட்டுக்கு வந்தேன். இவர் சோபாவில் நிமிர்ந்து இருந்து கேட்கிறார்: "எப்பிடி, நல்லா வெடிச்சதே?" தானாக வந்து கேட்ட முதல் கேள்வி. நல்லா வெடிச்சது என்றேன்.

27 ஒக்ரோபர், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். வெறும் தட்டோடு தராசைப் பார்த்தேன், முள் பூச்சியத்தில் இல்லை. சந்தனம் காய்ந்து தட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. பொட்டின் பாரத்தையும் மருந்தென்று நினைத்து ஐம்பதிலும் அவ்வளவு குறைத்துப் போட்டிருக்கிறேன். அடைக்கமுன் முள்ளை ஒருதரம் பார்த்திருக்க வேண்டும். முதல்நாள் பார்த்தாயிற்று என்று விட்டேன்.

துடைத்தேன். மிஞ்சிய நாற்பத்தைந்தையும் பிரித்துக் கொட்ட வேண்டும். இவரிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த மனுஷன் இனி எதற்கும் கை நீட்டமாட்டார்.

1 நவம்பர், வெள்ளி

சந்தனக் கிண்ணத்தோடு கராஜுக்குள் நிற்கிறார். வெள்ளிக்கிழமையாம்.

"தட்டில இருந்ததைத் துடைச்சுப் போட்டீரே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. வேலையால் வந்த களை, அப்படியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிண்ணத்தை மேசையில் வைத்தார். "நான் தொட்டது ஒண்டும் உருப்படாது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவர்தான்.

6 நவம்பர், புதன்

சாப்பாட்டைக் கதவடியில் வைக்கிறேன். பாதி அப்படியே இருக்கிறது. பிரணவி, "இஸ் அப்பா சிக்?" என்கிறாள்.

10 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. தலைக்கு எண்ணெய் வைக்க வரச் சொன்னேன், வரவில்லை. அதோடு எனக்குப் பிடித்தது விசர்.

அறைக் கதவைத் திறந்து கத்தினேன். "எனக்கும் களைச்சுப் போச்சப்பா! காலமை எழும்பி வேலைக்கு மனுரேவா வரைக்கும் ஓடி, பெட்டி தூக்கி, வந்து சமைச்சு, எல்லாத்தையும் நான் ஒருத்தியே பார்த்தால் ஒண்டு பிழைக்காமல் இருக்குமே? தராசைப் பார்க்காதது நான். நீங்கள் பொட்டு வைச்சது பிழையில்லை. வைச்சிட்டுப் போய்ப் படுத்ததுதான் பிழை. பக்கத்தில நிண்டு பார்க்க எனக்கொரு ஆள் வேணும். இல்லையெண்டால் இந்தச் சாமானெல்லாத்தையும் நாளைக்கே மாஜரியிட்டைக் குடுத்திடுவன்."

திரும்பிப் படுத்துக்கொண்டார். பலகாரம் செய்யவில்லை.

11 நவம்பர், திங்கள்

பிரஸ்ஸைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். சனிக்கிழமை கொடுத்துவிடலாம். காது மூடி மட்டும் என்னோடு இருக்கட்டும், வீட்டில் போட்டுக்கொண்டு சமைக்கிறேன்.

15 நவம்பர், வெள்ளி

வேலையால் வந்தால் பிரஸ் மேசையில் பழையபடி பூட்டியிருக்கிறது. கோணலாகத்தான். ஒரு ஆணி பிழையான ஓட்டையில். நான் திரும்பக் கழற்றவில்லை.

23 நவம்பர், சனி

இன்றைக்கு மறுபடி அடைத்தேன். தொடங்குமுன் பின்னால் செருப்புச் சத்தம். சவரம் செய்திருந்தார். கையில் பிரணவியின் சின்ன டோர்ச். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

வெறும் தட்டை வைத்தேன். குனிந்து முள்ளைப் பார்த்தார், வங்கியில் கையெழுத்துப் பார்க்கிற மாதிரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. "பூச்சியம்" என்றார்.

ஐம்பது கோதிலும் மருந்து போட்டுப் பலகையில் நிரையாக நிறுத்தினேன். சன்னம் வைக்கமுன் ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓம். அடுத்தது. ஓம். ஒன்றில் கொஞ்சம் நின்று, "இதை ஒருக்கா நிறும்" என்றார். நிறுத்தேன், சரியாக இருந்தது. ஓம்.

தோள் நோகிறது. குசினியில் சட்டி பானை கழுவாமல் கிடக்கிறது. திங்கட்கிழமை அதே வேலை, அதே பெட்டி. ஆனால் இந்த மனுஷன் இன்றைக்கு என்னோடு ஐம்பது தரம் ஓம் சொன்னார்.