பதினெட்டடித் தெருவில் பத்தொன்பது பேர்

காஞ்சிபுரம்
6 ஜனவரி 2024

ஜோசுவாவுக்கு ஸ்தோத்திரம்.

ஓசூர் குளிரில் உங்களுக்கு இருமல் திரும்பியிருக்கும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. அதனால்தான் கடிதம்.

வாலாஜாபாத் பக்கம் அம்சா சித்தி தெருவில் பத்தொன்பது பெண்களுக்கு வீட்டுமனைப் பட்டா வந்துவிட்டது. பதினோரு வருடம் மனு கொடுத்து அலைந்து வாங்கியது. எல்லாரையும் சேர்த்து ஒரு படம் கேட்கிறார்கள். இரண்டு வரிசையாக நிறுத்தலாம் என்றேன். சித்தி விடவில்லை. "பின்னாடி நின்னதெல்லாம் போதும்மா. எல்லாரும் முன்வரிசைதான். செல்லுல எடுத்தா தெருவே வளைஞ்சிக்கினு வருது. உன் பெரிய பொட்டியில எடு."

என் நாலுக்கு ஐந்து அங்குலக் கேமராவின் பின்னால் மாட்டி, ரோல் ஃபிலிமில் அகலப் படம் எடுக்க ஒரு 'பேக்', அதாவது ஃபிலிம் பிடிக்கும் பின்பெட்டி, வேண்டும். ஜெர்மன் பேக் என் சக்திக்கு மீறியது. கைக்கு எட்டுபவை இரண்டு: பழைய ஜப்பான் பேக், ஆறுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்; புனேயில் ஒருவர் பிளாஸ்டிக்கில் பிரின்ட் செய்து விற்பது, ஆறுக்குப் பதினேழு. எதை வாங்கட்டும்? இந்த விஷயத்தில் உங்கள் கண்ணைத்தான் நம்புவேன்.

நதியா

ஓசூர்
14 ஜனவரி

அன்புள்ள நதியாவுக்கு,

இருமல் இருக்கிறது. நாம் பிரிந்து நாலு வருடம் கழித்தும் சரியாகச் சொல்லிவிட்டாய்.

பன்னிரண்டையே வாங்கு. உலோகம், ஃபிலிம் தட்டையாக நிற்கும். ஒரு ரோலில் ஆறு படம் வரும். பதினேழில் நாலுதான். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி பேக்கை மாட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில் வெளிச்சமும் கசியும். உன் தொண்ணூறு எம்.எம். லென்ஸோடு கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால் பத்தொன்பது பேரும் பன்னிரண்டுக்குள் வந்துவிடுவார்கள்.

சித்திக்கு என் சந்தோஷத்தைச் சொல்.

ஜோசுவா

காஞ்சிபுரம்
21 ஜனவரி

ஜோசுவாவுக்கு,

பின்னால் தள்ளி நிற்க இடமில்லை. டேப் வைத்து அளந்தேன். சித்தி வீட்டு வாசலிலிருந்து எதிரே ரைஸ் மில் சுவர் வரை பதினெட்டு அடி. சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் பன்னிரண்டில் பதினைந்து பேர்தான். மீதி நாலு பேரில் யாரைப் போகச் சொல்வேன்? பதினேழையே வாங்கிவிட்டேன்.

பெண்களை வளைத்து நிறுத்திப் பார்த்தேன்; ஓரத்தில் நிற்பவர்கள் பெரிதாகிவிடுகிறார்கள். சுண்ணாம்பால் நேர்க்கோடு போட்டு நிறுத்தினேன். எல்லாரும் ஒரே அளவு!

நீங்கள் சொன்னதும் சரிதான். சோதனை ரோலில் வலது ஓரம் வெளிச்சம் கசிகிறது, ஃபிலிம் நடுவில் உப்புகிறது. பேக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை படம். முடியுமா?

நதியா

ஓசூர்
1 பிப்ரவரி

அன்புள்ள நதியாவுக்கு,

ஓரங்களில் கறுப்பு வெல்வெட் ஒட்டிவிட்டேன். பின்புறம் அலுமினியத் தகடு ஒன்றை ஸ்பிரிங்கோடு பொருத்தியிருக்கிறேன். இனி ஃபிலிம் அசையாது. பேக்கின் பின்னாலிருக்கும் சிவப்பு ஜன்னலில் இரண்டு, ஐந்து, எட்டு, பதினொன்று என்று எண் பார்த்துச் சுற்று.

உன் கடிதத்தை எங்கள் ஃபேக்டரி டூல் ரூமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எந்தப் பொருள் நல்லது என்று மட்டும்தான் நான் பார்த்தேன். அந்த நாலு பேரை நீ பார்த்தாய். இந்தக் கேமரா வேலை சோறு போடுமா என்று உன்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

படத்தைப் பார்க்க வரலாமா? நான் திரும்பி வந்துவிடுவதைப் பற்றியும் பேசலாமா?

ஜோசுவா

காஞ்சிபுரம்
20 பிப்ரவரி

அன்புள்ள ஜோசுவாவுக்கு,

முதல் படத்தில் ஆடு குறுக்கே வந்தது. இரண்டாவதில் பெரியநாயகி அக்கா தும்மினார். மூன்றாவதில் யாரும் சொல்லாமலே எல்லாரும் பட்டாவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்கள். நான் ஷட்டரை அழுத்த மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். "எடும்மா, கை வலிக்குது" என்று சித்தி கத்திய பிறகுதான் எடுத்தேன்.

நாலடி நீளத்துக்குப் பிரின்ட் போட்டேன். ஒரு முகம்கூடக் கலங்கவில்லை. பட்டாவின் முத்திரை வரை தெளிவு. அது உங்கள் தகடு செய்த வேலை. உங்கள் கைக்கு இணை நான் பார்த்ததில்லை. சித்தி கோட்டின் ஓரத்தில்தான் நின்றார். "நடுவுல நிக்கிறவளுக்கும் எனக்கும் ஒரே சைஸுதான்பா" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார்.

படத்தைப் பார்க்க வாருங்கள். திரும்பி வருவதைப் பற்றிப் பேச வேண்டாம். தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் வேலை மேல் எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. இப்போது என் வேலை மேல் உங்களுக்கும் வந்திருக்கிறது. கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்தபோது நமக்கு இது வாய்க்கவில்லை. மறுபடி அங்கே கொண்டுபோய் இதைத் தொலைக்க எனக்கு மனமில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு ஸ்டுடியோவைத் திறப்பேன். மதியம் சித்தி வீட்டில் உங்களுக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நதியா